சாடாதவன்

எங்கள் ஊரில் 'சாடு' என்றால் குதி என்று அர்த்தம். குளத்தில் சாடுவோம், மதில் சாடுவோம், பஸ் நிற்பதற்கு முன்னால் சாடி இறங்கி முழங்கால் தோலைக் கொடுத்துவிட்டு வருவோம். செய்தித்தாள் வாசிக்கத் தொடங்கிய வயதில் 'ஆளுங்கட்சியைக் கடுமையாகச் சாடினார்' என்ற தலைப்பைப் பார்த்துவிட்டு, அந்தத் தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்கிருந்து எங்கே சாடியிருப்பார் என்று வெகுநேரம் யோசித்திருக்கிறேன். மாவட்ட எல்லையைத் தாண்டினால் அந்தச் சொல்லுக்குத் தாக்கு, திட்டு என்றுதான் பொருள் என்பது எனக்குக் கல்லூரிக்குப் போன பிறகே தெரிந்தது. தெரிந்த விதம் கொஞ்சம் அசிங்கமானது.

நான் தொழில்முறைக் கூடைப்பந்து ஆட்டக்காரன். இதைச் சொன்னால் கேட்பவர்கள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வளையத்தைப் பிடித்துத் தொங்குவீர்களா என்று ஆசையாகக் கேட்பார்கள். இல்லை. உயரம் உண்டு, கை நீளம் உண்டு. தரையை விட்டுக் கிளம்பச் சொன்னால் மட்டும் என் கால்கள் யோசிக்கும். இந்தக் குறையை வைத்துக்கொண்டு கூடைப்பந்தில் சம்பளம் வாங்குவது, நீந்தத் தெரியாதவன் வள்ளத்தில் வேலைக்குச் சேர்ந்த மாதிரி. வேலை நடக்கும்; பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

எட்டாம் வகுப்பு முடிவதற்குள் நான் வீட்டு வாசலின் மேல்நிலை வரை வளர்ந்துவிட்டேன். அதனால் வீட்டில் எல்லோருக்கும் என்னால் உபகாரம் இருந்தது. அப்பாவுக்குக் களியக்காவிளையில் வாழைக்குலைக் கடை. ஏத்தன், மட்டி, செந்துளுவன் என்று வருகிற குலைகளை உத்தரத்துக் கயிற்றில் மாட்ட மற்ற கடைக்காரர்கள் ஸ்டூல் தேடுவார்கள். அப்பா என்னைத் தேடுவார். அம்மா ஒட்டடை அடிக்கவும் மின்விசிறி துடைக்கவும் என்னைக் கூப்பிடுவாள். அதே அம்மா, பள்ளிச் சீருடைக் கால்சட்டை மாதாமாதம் கணுக்காலுக்கு மேலே ஏறுவதைப் பார்த்துவிட்டு, சபையில் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் "மவன் வளந்தது போதும்" என்று ஜெபக்குறிப்பும் கொடுத்தாள். கர்த்தர் அந்த ஒரு ஜெபத்தை மட்டும் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. கல்ஃபில் கூரைக்கடியில் ஏசி டக்ட் குழாய் மாட்டும் கம்பெனியில் மேஸ்திரியாக இருந்த மாமா, லீவுக்கு வந்தபோது என்னை நிற்கவைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இவனுக்கு ஏணியே வேண்டாம் கேட்டியா. படிச்சு முடியட்டு. விசா நான் எடுக்கேன்."

ஆக, என் குடும்பத்தில் எல்லோரும் என்னை ஏணியாகத்தான் பார்த்தார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, நானும் ஏணி மாதிரிதான் இருந்தேன். இந்த உயரத்தை மைதானத்தில் வைத்துக் காப்பாற்ற முடியுமா, அல்லது மாமாவின் டக்டுக்கு அடியில் கொண்டுபோய் நிறுத்த வேண்டுமா என்பதுதான் அதற்குப் பிறகு வந்த வருடங்களில் என்னைப் பிடித்து ஆட்டிய ஒரே கேள்வி.

நான் ஆட்டத்துக்கு வந்ததும் திறமையால் அல்ல. ஒன்பதாம் வகுப்பில் பத்மநாபபுரம் அரண்மனைக்குச் சுற்றுலா போனோம். மரத்தைப் பார்த்தும் மச்சைப் பார்த்தும் எல்லோரும் வாய் பிளந்துகொண்டிருந்தபோது நான் ஒரு கதவின் மேல்நிலையில் நெற்றியைக் கொடுத்தேன். சத்தம் கேட்டு விளையாட்டு சார் திரும்பிப் பார்த்தார். என் நெற்றியை அல்ல, கதவுக்கு மேலே நான் எவ்வளவு மிச்சம் இருக்கிறேன் என்பதை. திங்கட்கிழமை காலை நான் பள்ளிக் கூடைப்பந்து அணியில் இருந்தேன்.

எங்கள் பள்ளிக்கூடம் மிஷன் காலத்துக் கட்டடம். ஆடுகளம் சிமெண்டுத் தரை. எங்கள் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. இரண்டுக்கும் நடுவில் சும்மா பெய்கிற மழையும் உண்டு. அதனால் களத்தில் எப்போதும் பச்சைப் பாசி. பாசியில் சாடினால் பல் போகும் என்பது என் நியாயம். சார் அதை ஒத்துக்கொள்ளவில்லை.

"சாடுலே மக்கா! நெட்டையா நின்னா போதுமா? சாடுலே!"

"சாடிட்டுத்தான் சார் இருக்கேன்."

"இதாலே சாட்டம்? செருப்பத் தேடுத மாதிரியில்லா இருக்கு!"

அவர் கத்தக் கத்த அணியே கத்தும். வளையத்தில் பட்டுத் திரும்புகிற பந்தைப் பிடிக்க யாராவது ஒருவர் எழும்ப வேண்டும் என்றால், எட்டுத் திசையிலிருந்தும் 'சாடு சாடு' என்று சத்தம் வரும். அந்தச் சொல் என் ரத்தத்தில் ஊறிவிட்டது. சொல் மட்டும்தான் ஊறியது, சாட்டம் ஊறவில்லை. ஆனாலும் மாவட்ட அணிக்குத் தேர்வானேன், பிறகு மாநிலப் பள்ளி அணிக்கும். ஒரு மாவட்டத்துக்குள் நெட்டையாக இருப்பது பெரிய திறமை. மாநிலத்தில் அது ஒரு தகுதி. அதற்கும் மேலே போனால் மூக்கு மாதிரி, எல்லோருக்கும் இருக்கிற ஒன்று. இது எனக்கு அப்போது தெரியாது. செய்தித்தாளில் என் அணியின் படம் வந்தபோது, பின்வரிசையில் என் தலை பாதி வெட்டுப்பட்டிருந்ததைக்கூட நான் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

விளையாட்டு ஒதுக்கீட்டில் சென்னையில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. அப்பா கடையில் குலைக்கு அடியில் நின்றுகொண்டே உத்தரவு போட்டார்.

"மூணு வருசம் ஆடு. பொறவு எவனாவது சம்பளம் தாறேன்னு விளிச்சா போ. ஒருத்தனும் விளிக்கல்லன்னா மாமாகிட்ட போயிரணும். கேட்டியா?"

கேட்டேன். கேட்காமல் என்ன செய்ய. குலை தூக்க ஆளில்லாமல் போகிற கவலையிலும் அவர் கொடுத்த தவணை அது.

கல்லூரி அணியின் கேப்டன் தஞ்சாவூர்ப் பக்கத்து அண்ணன். என்னைவிட இரண்டு விரல்கடை உயரம். தமிழ் இலக்கியம் படித்துக்கொண்டிருந்தார். எங்கள் அணியில் தமிழைப் பாடமாக எடுத்த ஒரே ஆள் அவர்தான். கல்லூரிகளுக்கிடையிலான போட்டியின் இறுதி ஆட்டம். நாங்கள் ஒரு புள்ளி முன்னால் இருக்கிறோம். ஆட்டம் முடிய மூச்சு விடுகிற நேரம்தான் மிச்சம். எதிரணி எறிந்த பந்து வளையத்தில் பட்டு மேலே எழும்பியது. அதற்கு நேர் கீழே எங்கள் கேப்டன். எழும்பிப் பிடித்தால் கோப்பை எங்களுக்கு. நான் தொண்டை கிழியக் கத்தினேன்.

"அண்ணா, சாடு! சாடுண்ணா!"

அண்ணன் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. பக்கத்தில் நின்ற எதிரணி ஆட்டக்காரனைத் தோளால் இடித்துக் கீழே தள்ளினார். பந்து தனியாக வந்து தரையில் விழுந்தது. விசில். எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. விழுந்தவன் எழுந்து, தூசியைத் தட்டிவிட்டு, இரண்டையும் போட்டான். தோற்றோம்.

உடைமாற்றும் அறையில் கோச் கேப்டனைப் பிடித்துக்கொண்டார். "ஏன்டா அவனப் போய் இடிச்ச?"

"இவன்தான் சார் சாடச் சொன்னான்."

"சாடறதுன்னா?"

"தாக்கறது சார். தமிழ்ல அதான் பொருள்."

"நான் குதிக்கத்தான் சொன்னேன்" என்றேன்.

"அப்ப குதின்னு சொல்ல வேண்டியதுதானேடா!" என்று அண்ணன் அழாத குறையாகக் கேட்டார். எங்கள் ஊரில் குதி என்றால் பாதத்தின் பின்பக்கம் என்று விளக்க வாயெடுத்தேன். கோச்சின் முகத்தைப் பார்த்துவிட்டு விளக்கத்தை விழுங்கினேன்.

கோச் என்னை வாசல்வரை தள்ளிக்கொண்டு போய்ச் சொன்னார்: "இனிமே கிரவுண்டுல நீ வாயே திறக்கக் கூடாது. குதிக்கவும் உனக்கு வராது. சும்மா நில்லு. எதிராளி ஓடி வர்ற வழியில போய் நில்லு. அவன் வந்து உன் மேல மோதட்டும். நகர்ந்த, தொலைச்சுடுவேன்."

அவர் அதைத் தண்டனையாகத்தான் சொன்னார். ஆனால் எனக்கு அது பிறவியிலேயே வருகிற வேலை. வீட்டில் டி.வி.க்கு முன்னால், சபையில் பின்வரிசைக்காரர்களுக்கு முன்னால், கல்யாணங்களில் போட்டோக்காரருக்கு முன்னால் என்று நான் மறைக்காத இடம் கிடையாது. இங்கே மறைத்தால் கைதட்டினார்கள். நம் ஆள் பந்தோடு ஓடும்போது அவனைத் துரத்துகிறவனின் பாதையில் போய் அசையாமல் நிற்க வேண்டும். துரத்துகிறவன் நம்மேல் மோதி நிற்பான். நம் ஆள் தப்பிப் போய்ப் பந்தைப் போடுவான். ஆட்டத்தில் இதற்கு ஸ்கிரீன் என்று பெயர். கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம். நான் மூடிக்கொண்டுதான் செய்தேன், இடி பலமாக இருக்கும்.

கல்லூரி முடிகிற சமயம், புதிதாகத் தொடங்கிய லீக்கில் பெங்களூர் அணி ஒன்று ஆள் எடுக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். ஐரோப்பாவிலிருந்து வந்த கோச். முதல் சோதனையே சாட்டம். கம்பத்தில் வரிசையாகத் தகடுகள் இருக்கும். நின்ற இடத்திலிருந்து எழும்பி எத்தனை உயரத்துத் தகட்டைத் தட்டுகிறோம் என்று பார்ப்பார்கள். என் முறை வந்தது. கையை ஓங்கி ஒரு தகட்டைத் தட்டினேன். கோச் குறித்துக்கொண்டு, "சரி, உயரம் பார்த்தாச்சு, இப்போ குதி" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

"குதித்துவிட்டேன்" என்றேன்.

அவர் பக்கத்திலிருந்தவரிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். சுற்றி நின்ற பையன்கள் திரும்பிக்கொண்டு சிரித்தார்கள். மனத்துக்குள் மாமாவின் கம்பெனிச் சட்டையைப் போட்டு அளவு பார்த்துவிட்டேன். பிறகு பயிற்சி ஆட்டம் வந்தது. நான் நின்றேன். என்மேல் வந்து மோதினார்கள். யாரோ யாரோ பந்தைப் போட்டார்கள். சாயங்காலம் பெயர்களை வாசித்தபோது கடைசியில் என் பெயரும் வந்தது. ஒரு சீசனுக்கு மட்டும் என்றார்கள். அங்கேயே ஒரு ஓரத்தில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷம்தான்.

வீட்டுக்குப் போன் போட்டேன். அம்மாதான் எடுத்தாள்.

"சோறு தின்னியா மக்கா? அங்க உனக்கு என்ன வேல?"

"ஸ்கிரீன் போடணும்மா."

"ஏலே, அதுக்கா மூணு வருசம் படிச்ச? நம்ம வீட்டு ஜன்னலுக்கு ஒரு ஸ்கிரீன் போட எத்தன நாளா சொல்லுதேன்."

பெங்களூரில் யாரோ பெரிய மனிதர் வீட்டில் நான் ஜன்னல் துணி மாட்டப் போயிருக்கிறேன் என்று சபையில் பாதிப் பேருக்கு இன்னும் எண்ணம். திருத்தப் போனால் இன்னும் சிக்கலாகிறது என்று விட்டுவிட்டேன்.

சீசன் தொடங்கியது. பெரும்பாலும் பெஞ்சில் இருந்தேன். துண்டு எடுத்துக் கொடுத்தேன், கைதட்டினேன். எப்போதாவது கோச் விரலைச் சொடுக்கினால் உள்ளே போய் நான்கைந்து இடி வாங்கிவிட்டுத் திரும்புவேன். ஆட்டம் முடிந்ததும் செல்போனில் வருகிற கணக்கில் என் பெயருக்கு நேரே முட்டை முட்டையாக இருக்கும். இடிக்குக் கணக்கு வைக்கிற வழக்கம் அந்த விளையாட்டில் இல்லை. பள்ளி நண்பர்களின் வாட்ஸப் குழுவில் ஒருவன் எழுதினான்: "கன்னியாகுமரி கடலுக்குள்ள ஒரு சிலை நிக்குல்லா, அதுமாதிரி நீ நிக்கே மக்கா. ஒரு வித்தியாசம், அதப் பாக்க ஆளு போட்டுல ஏறிப் போவுது." நான் சிரிக்கிற பொம்மை ஒன்றைப் பதிலுக்கு அனுப்பினேன். வலித்தது.

சீசன் முடிகிற நேரம் மாமாவின் போன் வந்தது. விசா தயார். திங்கட்கிழமை திருவனந்தபுரத்தில் மெடிக்கல். அதே வாரம் அணியின் மேனேஜரும் கூப்பிட்டார். இன்னொரு சீசனுக்கு வைத்துக்கொள்கிறோம், பெஞ்சில்தான், விருப்பமிருந்தால் சொல் என்றார். அப்பாவிடம் கேட்டேன். "வருசம் பூரா இருந்து ஒண்ணும் போடல்லன்னு கடைல வாறவனெல்லாம் சொல்லுதான். போதும் மக்கா. மாமா எத்தன தடவ விளிப்பான்?" என்றார். சரி என்றேன். என் கணக்கைத்தான் ஊரே பார்த்துக்கொண்டிருந்ததே.

கடைசி ஆட்டம் கொச்சியில். அப்பா எர்ணாகுளத்துக்கு ஒரு லோடு ஏத்தன்குலை கொண்டுவந்து இறக்கிவிட்டு, வண்டியோடு என்னையும் கூட்டிப்போவதாக ஏற்பாடு. வாழைக்கறை பட்ட சட்டையோடு மதிய ஆட்டத்துக்கு வந்து உட்கார்ந்தார். அவர் ஒரு கூடைப்பந்து ஆட்டத்தை முழுதாகப் பார்த்தது அன்றைக்குத்தான். எங்கள் அணியின் நெட்டையனுக்குத் தொடக்கத்திலேயே கணுக்கால் பிசகிவிட்டது. கோச் வேறு வழியில்லாமல் என்னை இறக்கினார். இறங்கினவன் நடுவில் ஒருமுறை தண்ணீர் குடிக்க வந்ததோடு சரி, கடைசிவரை களத்தில்தான்.

நின்றேன், மோதினார்கள், விழுந்தேன், எழுந்து நின்றேன். எங்கள் ஆள் பந்தைப் போட்டுக்கொண்டே இருந்தான். கடைசி நிமிடத்தில் அந்த அநியாயம் நடந்தது. வளையத்துக்குக் கீழே நான் தனியாக நிற்கிறேன், சுற்றி ஒரு ஈ காக்காய் இல்லை, பந்து என் கைக்கு வந்துவிட்டது. ஒரு சின்னச் சாட்டம் போதும். சாடினேன். பந்து வளையத்தின் அடிப்பக்கத்தில் முட்டி என் முகத்திலேயே வந்து விழுந்தது. அரங்கம் முழுக்க 'அய்யோ' என்றது. மலையாளத்திலும் அய்யோ, அய்யோதான். ஒரு புள்ளியில் தோற்றோம்.

வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். கேபின் கூரை தலையில் இடித்ததால் கழுத்தைச் சாய்த்துக்கொண்டேன். ஆலப்புழை தாண்டும்வரை அப்பா வண்டி ஓட்டுவதிலேயே இருந்தார். அவர் அந்தப் பந்தைப் பற்றித்தான் தொடங்குவார் என்று பயந்து காத்திருந்தேன்.

"அந்த மஞ்ச ஷூக்காரன் இடிச்சானே, நெஞ்சு வலிக்குதா?" என்றார்.

"இல்லப்பா."

"பொய் சொல்லாத. ரெண்டாவது தடவ இடிச்சப்ப நீ இடக் கையால நெஞ்சப் பிடிச்சே. நான் பாத்தேன். மொட்டத் தலையன் ஒருத்தன் உனக்க முதுகுலயில்லா முழங்கைய வச்சான், அந்த விசில்காரன் கண்டானா? கண்ணு என்ன பொடதிலயா இருக்கு? நீ மறிக்க மறிக்கத்தான் உங்க ஆளு போனான். நீ தண்ணி குடிக்க ஒதுங்குனப்ப அவனால அனங்க முடியல்ல, நின்ன இடத்துலயே நின்னான்."

ஒரு சீசன் முழுக்க இதை யாரும் என்னிடம் சொன்னதில்லை. என் கோச் சொன்னதில்லை, நான் யாரைத் தப்பவைத்தேனோ அவன் சொன்னதில்லை. நானே எனக்குச் சொல்லிக்கொண்டதில்லை.

"கடைசில சும்மா நின்ன இடத்துல ஒரு பந்த விட்டேனே, பாத்தியளாப்பா?"

"பாத்தேன். நீ சாடுனே, உனக்க குதி தரையில சரிஞ்சு ஊணிச்சு. கால் பிசகிருமோன்னு பயந்துட்டேன். பந்து என்னாச்சு?"

"விழலப்பா. அதுல தோத்துட்டோம். பந்தையே பாக்கலியா?"

"பந்து எங்கெல்லாமோ போச்சு மக்கா. அதுக்க பொறத்தால நான் எதுக்குப் போணும்? நான் உன்னையில்லியா பாக்க வந்தேன்."

ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கூரை குனியவைத்திருந்ததால் அழுவது வசதியாக இருந்தது. அப்பா கியரை மாற்றி முன்னால் போன டேங்கர் லாரியை முந்தினார். வண்டி நேரானபிறகு, ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"திங்கக்கெழம நீ மெடிக்கலுக்குப் போவண்டாம். மாமாகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்."